கடலுக்குப் போகாத குதிரை

அவரை வள்ளல் என்கிறார்கள். கஞ்சித்தொட்டி திறந்தாராம், பள்ளிக்கூடம் கட்டினாராம், பழைய சிற்பங்களை அழியாமல் காப்பாற்றினாராம். யாரிடமிருந்து காப்பாற்றினார்? எங்களிடமிருந்தா?

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். கரிக்கலாம்பாக்கத்தில் அய்யனார் ஏறி வரும் மரக்குதிரை எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் நின்றது. கோயிலில் அதை வைக்க இடமில்லை. செல்லரிக்காமல் வேப்பெண்ணெய் பூசுவது அம்மாவின் வேலை. அதன் கால் ஒன்று விரிசல் விட்டது. புதுச்சேரியிலிருந்து அந்தப் பணக்காரர் காரில் வந்து குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தன் செலவில் புதுக்குதிரை செய்து தருவதாகச் சொன்னார். ஊரே கும்பிட்டது.

பழைய வாகனத்தைக் கடலில் விட்ட பிறகுதான் புதியதற்குக் கண் திறக்க வேண்டும். அது எங்கள் ஊர் முறை.

"வீராம்பட்டினத்துல நானே வுட்டுர்றேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றார்.

நம்பி வண்டியில் ஏற்றிவிட்டோம். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. குதிரையைக் கடலில் விட்டாயிற்று என்று அவர் ஆள் வந்து சொன்னான். அம்மா கற்பூரம் ஏற்றி அதையே அய்யனாரிடம் சொன்னாள். அதன் பிறகுதான் தச்சர் புதுக்குதிரைக்குக் கண் திறந்தார்.

அந்த வருஷம் வெள்ளத்தில் நெல் போயிற்று. தீபாவளிக்கு அவர் வீட்டில் இலவசப் புடவை கொடுத்தார்கள். அம்மாவோடு நானும் போனேன். கூடத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே கல்சாமிகளுக்கு நடுவில் குதிரை.

"யம்மா, நம்ம குதிர!" என்று கத்தினேன்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "இங்க பத்திரமா இருக்கும்மா. வெள்ளக்காரங்க வந்து பாத்து அசந்து போறாங்க. கடல்ல போட்டு வீணாக்கலாமா?"

"வேணும்னா கேட்டிருக்கலாமே" என்றாள் அம்மா.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டோம். அதான் நீ கேக்கல." அம்மா குதிரையைக் கைகாட்டினாள். "சாமி முன்னாடி என்னப் பொய் சொல்ல வெச்சிட்டியே. நீ இன்னா மனுசன்யா!"

"ஓசிப் புடவ வாங்க வந்தவ வாயப் பாரு" என்றான் அவருடைய கணக்கப்பிள்ளை.

அவர் அதற்கும் சிரித்தார். தப்பு செய்த முகமா அது? அம்மா வாங்கிய புடவையைப் படியிலேயே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வில்லியனூர் தாண்டியும் அம்மாவின் அழுகை நிற்கவில்லை.

"குதிரதான் கடல்ல முழுவலியே, இன்னாத்துக்கும்மா அழுவுற?" என்று கேட்டேன். எனக்கோ, அந்த வயதில், குதிரை பிழைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.