திங்கட்கிழமை வந்த ஞாயிறு

எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஒன்று ஊருக்கெல்லாம் பொதுவானது. இன்னொன்று திங்கட்கிழமை வரும். அது என் பாட்டி சூசையம்மாளின் சொந்தத் தயாரிப்பு.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதான் பள்ளி விடுமுறை. ஞாயிறன்று குளுவாங் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு நான் மத்தியானப் பள்ளிக்கு ஓட வேண்டும். நாளைக்காவது நிம்மதியாக இருக்கலாம் என்றால், திங்கட்கிழமை உச்சிப் பொழுதில் பாட்டி மறுபடியும் பாயை விரித்துவிடுவாள். வீட்டில் யார் இருந்தாலும் முழங்காலில் நின்று முழு ஜெபமாலையும் சொல்லியாக வேண்டும். வாசலில் பள்ளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"அடிக்கட்டும் விடு டொரத்தி, அவன் கைதானே வலிக்கும்" என்பாள் பாட்டி.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெபம் முடிந்ததும் கிடைக்கும் கோழிக்குழம்பு மட்டும் இல்லாவிட்டால் நான் எப்போதோ மதம் மாறியிருப்பேன்.

"ஏன் பாட்டி, சாமிக்கு ஒரு நாள் போதாதா?" என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தோமஸ் தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்குப் போதும். எனக்குத்தான் பத்தல" என்றாள். தாத்தா பேப்பருக்குப் பின்னால் சிரிப்பது கேட்டது. அன்றைக்குத்தான் இந்தக் கதை முழுசாக வெளியே வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ஜப்பான்காரன் காலம். பாட்டிக்கு இருபத்து நாலு வயது. லாயாங் லாயாங் ரயிலடியிலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டம். அதன் கடைசியில், காட்டை ஒட்டி ஏழே வீடுகள் கொண்ட ஒரு லயம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். ரப்பர்ப் பால் வாங்க ஆளில்லாததால் எல்லாரும் மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் லாரி வந்து ஆண்களை ஏற்றியது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். தாத்தாவும் அதில் ஒருவர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஏறுவதற்கு முன்னால் தாத்தா சொன்னாராம்: "சூசை, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உச்சி நேரத்துல நான் அங்க ஜெபமாலை சொல்றேன். நீ இங்க சொல்லு. அந்த நேரம் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம்னு நெனச்சுக்கலாம். கடிகாரத்தை நம்பாத. ஜப்பான்காரன் அதையும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வச்சிருக்கான். சூரியனைப் பாரு."

சூரியன் சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே போவது? கோயில் காலண்டர் போன வருடத்தோடு முடிந்துவிட்டது. நாள் சொல்லத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இல்லை, பூசை வைக்கச் சாமியார் வருவதில்லை. எல்லா நாளும் வேலை நாள் என்பதால் கிழமையின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. பாட்டி ஒரு காலி பால் டின்னை எடுத்தாள். தினமும் விடிந்ததும் ஒரு ரப்பர்க் கொட்டையை அதில் போட்டாள். ஏழாவது கொட்டை விழுந்தால் ஞாயிறு. மறுநாள் டின்னைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

மொத்த லயமும் அந்த டின்னைத்தான் நம்பியது. பக்கத்து வீட்டுக் காளியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கேற்றுபவள். "சூசை, டின்னுல எத்தனை கொட்டை?" என்று காலையில் குரல் கொடுப்பாள். அஞ்சு என்றால் உடனே தலைக்குக் குளித்துவிடுவாள்.

லாரி போய் மூன்று மாதம் ஆனது. யாரும் திரும்பவில்லை. மழை தொடங்கியபோது லயம் முழுக்கக் குளிர்காய்ச்சல் பரவியது. பாட்டி நினைவில்லாமல் கிடந்தாள். அடுத்த வீட்டில் காளியம்மாவும் கிடந்தாள். கண் விழித்த காலையில் பாட்டி முதல் வேலையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், நேற்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று என்று இரண்டு கொட்டைகளைப் போட்டாள். உண்மையில் அவள் கிடந்தது இரண்டு நாள். போட்டிருக்க வேண்டியது மூன்று கொட்டை.

அன்றிலிருந்து அந்த லயத்தில் ஞாயிறு திங்கட்கிழமை வந்தது. வெள்ளி சனிக்கிழமை வந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படியே போனது.

ஜப்பான்காரன் தோற்றுப்போன செய்தி வந்த பிறகு ஒரு மத்தியானம், குளுவாங் கோயிலிலிருந்து அமலநாதன் உபதேசியார் சைக்கிளில் வந்தார். டயருக்குப் பதில் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றிய சைக்கிள். பாட்டியும் மற்றவர்களும் பாயில் முழங்காலில் நின்றார்கள். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சேர்ந்துகொண்டார். முடிந்ததும் கேட்டார்.

"இன்னைக்கு என்ன திருநாளும்மா?"

"ஞாயித்துக்கிழமைங்க. உபதேசியாரே மறந்துட்டீங்களா?"

"அலமாக்! இன்னைக்குத் திங்கக்கிழமைம்மா. நேத்துதான ஃபாதர் குளுவாங்ல பூசை வச்சாரு!"

முதலில் வாயைத் திறந்தது காளியம்மாதான். "அடிப்பாவி! நீ ஏமாந்ததோட விடாம எங்க மாரியம்மாவையும் சேர்த்து ஏமாத்திட்டியே! இத்தனை நாளா சனிக்கிழமையா நான் தலைக்குக் குளிச்சேன்?" லயமே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு கிறிஸ்துமஸையும் இருபத்தாறாம் தேதி கொண்டாடியிருக்கிறோம் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, உபதேசியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் கூடவே இருப்பதாக நம்பித் தாத்தா அங்கே ஜெபம் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் இவள் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சயாமுக்குப் போனவர்களில் பாதிப் பேர் இல்லை என்று அதற்குள் செய்தி வந்திருந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் போயிருந்தால், தனியாகத்தானே போயிருப்பார்?

"எந்த நாள்ல சொன்னாலும் ஆண்டவர் கேப்பாரும்மா" என்று உபதேசியார் தேற்றினார்.

"ஆண்டவரைப் பத்தி எனக்குக் கவலையில்லீங்க. அவரு கேப்பாரு. எங்க வீட்டுக்காரரைப் பத்திதான் கவலை" என்று சொல்லிவிட்டுப் பாட்டி அழுதாளாம்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிறும் சொன்னாள், திங்களும் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தாத்தா வந்தார். லாயாங் லாயாங்கில் ரயிலை விட்டு இறங்கி, காலில் ஆறாத புண்ணோடு அத்தனை மைலும் நடந்தே வந்திருந்தார். வந்தவரைப் பாட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. காளியம்மா போட்ட கூச்சலில்தான் தெரிந்தது. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் விட்டுட்டேன். தெரியாம திங்கக்கிழமையில சொல்லிக்கிட்டிருந்தேன்."

தாத்தா படியில் உட்கார்ந்து இருமல் வரும்வரை சிரித்தார்.

"அங்க ஏதுடி கிழமை? முதல் மாசத்துலயே நாள் கணக்கு விட்டுப்போச்சு. எது ஞாயிறுன்னு யாருக்கும் தெரியாது. நான் தவற விட்டுட்டா நீ இங்க காத்துக்கிட்டு இருப்பியேன்னு தினமும் உச்சி நேரத்துல சொன்னேன். ஜெபமாலையும் தொலைஞ்சுபோச்சு. பத்து விரலை மடக்கி மடக்கித்தான் சொன்னேன்."

நெத்திலி கிள்ளிய கையோடு பாட்டி கதையை முடித்தாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, விடாமல் கேட்டேன்: "அதான் சரியாப் போச்சே பாட்டி. இன்னும் எதுக்குத் திங்கக்கிழமை?"

"அந்த ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமையெல்லாம் அவர் தனியா இருந்தாரு. திங்கக்கிழமைதான் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தோம். அதைப் போய் எப்படிடி விடுவேன்?"

அதற்குப் பிறகு நான் முணுமுணுக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த திங்கட்கிழமை நானே போய் பஸ்காரரிடம் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பாட்டி நான்கு பிள்ளைகளை வளர்த்தாள். பாட்டை இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள் என்று மூன்று பங்குச் சாமியார்களோடு சண்டை போட்டாள். டிவியில் மல்யுத்தம் பார்த்துக் கத்தினாள். தாத்தா போன பிறகும் முப்பது வருடம் திங்கட்கிழமையை விடவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியது. அன்றைக்கு மட்டும் ஜெபமாலையைத் தொடமாட்டாள், விரலை மடக்கித்தான் சொல்வாள்.

தொண்ணூற்று நாலு வயதில் மருத்துவமனையில் இருந்தாள். தனலெட்சுமி என்ற நர்ஸ் அவளுக்கு நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்.

"இன்னைக்கு என்ன கிழமை பாட்டி?"

"ஞாயித்துக்கிழமை."

நர்ஸ் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அன்று திங்கட்கிழமை. ஜன்னலுக்கு வெளியே வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"தப்புன்னு எழுதாதீங்க சிஸ்டர்" என்றேன். "அவங்க சரியாத்தான் சொல்றாங்க."

பாட்டி அதற்குள் போர்வைமேல் முதல் விரலை மடக்கியிருந்தாள். நானும் கட்டிலோரம் உட்கார்ந்து என் விரலை மடக்கினேன்.