பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு நான் எழுதிய ரிப்போர்ட்

ஹைதராபாத் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் அவ்வளவு சுலபமாக நுழைந்துவிட முடியாது. அப்பா தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. குக்கர் வாங்கினாலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அம்மா அதன் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடலாம். மாடி வீட்டு அண்ணன் புதிது வாங்கிவிட்டு, தன் பழைய கிராஃபிக்ஸ் கார்டை எனக்குத் தருவதாகச் சொன்னபோதும் அதே சட்டம்தான்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாத்து ரிப்போர்ட் எழுதுல. தேறுனா வச்சுக்க. இல்லன்னா மாடிக்கே திருப்பிக் குடுத்துரு," என்றார் அப்பா.

எனக்குப் பதினோரு வயது. என்னைவிடப் பெரிய நிபுணர் ஹைதராபாத்தில் இல்லை என்பது அப்போது என் தாழ்மையான கருத்து.

கம்ப்யூட்டர் ஹாலில் ஒரு மேஜைமேல் இருந்தது. இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா, அந்த மேஜைக்குப் பின்னால் தரையில் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பாள். நான் தினமும் சாயங்காலம் முழு சத்தத்தில் ஒவ்வொரு கேமாகப் போட்டுச் சோதனை செய்தேன். கிரிக்கெட் வழுக்கிக்கொண்டு ஓடியது. பார்வையாளர்கள் மட்டும் அட்டையில் வெட்டி நிறுத்தியவர்கள் மாதிரி இருந்தார்கள். நிழல்களை அணைத்துவிட்டால் கார் பந்தயம் பறந்தது. ஆட்டத்தில் மழை வந்தால் நொண்டியது. புதிதாக வந்த துப்பாக்கிச் சண்டை திறக்கவே மறுத்தது. எதையும் மறைக்காமல் எழுதினேன்.

ஒரே ஒரு தலைவலி. எட்டு மணி வாக்கில் திரை சிவந்துபோய், உடனே இருண்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இதை எழுதினால் கார்டு கைவிட்டுப் போய்விடுமே என்று பேனாவை மூடிவைத்தேன். ஆனாலும் சோதனைப் பிரிவுக்காரர் மகன் பொய் எழுதலாமா? உள்ளதை எழுதினேன். செவ்வாயும் வியாழனும் மட்டும் ஒன்பது வரை ஒரு கோளாறும் இல்லை என்று சேர்த்து, காரணத்தையும் நானே கண்டுபிடித்து எழுதினேன்: அந்த இரண்டு நாளும் கரண்ட் சீராக வருகிறது.

அப்பா இரண்டு முறை படித்தார். செவ்வாயும் வியாழனும் அக்கா டியூஷன் போய்த் திரும்ப ஒன்பது ஆகும். அவர் அக்காவைப் பார்த்தார். அவள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். மேஜைக்குப் பின்னால் போய் மானிட்டர் வயரின் இரண்டு திருகுகளையும் இறுக்கினார். பிறகு குறைப் பக்கத்தில் தன் கையால் ஒரு வரி எழுதினார்: ஏழு மணிக்கு மேல் இயக்கக் கூடாது.

"கார்டு தேறிருச்சுல," என்று கையெழுத்துப் போட்டார்.

"ஹவ், ஆமாப்பா, கார்டு ஹீட்டும் ஆகுதுல்ல! கோளாற நாந்தான் கண்டுபிடிச்சேன்!"

அன்று ஏழு அடித்ததும் நானே அணைத்தேன். அக்கா நிமிர்ந்து, "நல்லாத்தாம்ல எழுதிருக்க ரிப்போர்ட்ட," என்று தன் பங்கு முறுக்கை என் பக்கம் தள்ளினாள். பெருமை தாங்கவில்லை. அவளுக்கும் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கினேன்.

வயரை இழுத்துவிட்டதும், நான் எழுந்து போன பிறகு திரும்பச் செருகியதும் அவள்தான். பல வருடம் கழித்து அவளே சொன்னாள். சத்தத்தைக் குறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன், சிரித்தாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வீட்டில் எல்லோரும் 'தம்பி கம்ப்யூட்டர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அதை வாங்கியதே அவள் படிப்புக்கு.