மாடியறையின் மூன்றாவது ஆள்

எர்சீலியாவின் துணிக்கொடியில் ஒரு நாளும் பிள்ளைத் துணி தொங்கியதில்லை. ஸ்விட்சர்லாந்தின் தூன் நகரத்தில் அவள் குடியிருந்த வீட்டில், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் பதினான்கு நாளுக்கு ஒருமுறை சலவை முறை வரும். அன்று தோட்டத்துக் கொடியில் அவளுடைய பாவாடைகளும், கணவன் துல்லியோவின் சிமெண்ட் படிந்த கால்சட்டைகளும் காயும். ஆறு வயது மகள் நெவியாவின் கவுன்களை மட்டும் மாடியறைக்குள்ளேயே, கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவாள். அந்த அறையில் ஈரம் வற்றியதே இல்லை.

இத்தாலியின் பெல்லூனோ மலைப்பக்கத்திலிருந்து வந்த பருவக் கூலிகள் அவர்கள். அவன் கட்டட வேலை, அவள் ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. ஒன்பது மாதம் உழைத்துவிட்டு டிசம்பரில் எல்லை தாண்டி ஊருக்குப் போய்விட வேண்டும். பிள்ளையைக் கூட்டிவரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த ஊரின் பாதிச் சுவர்களை எழுப்பியது எங்கள் ஆட்கள்தான். ஸ்பாகெட்டியைச் சப்புக்கொட்டித் தின்னவும் ஸ்விஸ்காரர்கள் எங்களிடம் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நல்ல நியாயம்!

அது அவர்களுக்கு ஐந்தாவது பருவம். சிக்கலில்லாமல் முடிந்தால் ஆண்டு முழுவதும் தங்க அனுமதி கிடைக்கும், பிறகு மகளை முறைப்படி அழைத்துக்கொள்ள மனுப் போடலாம். பருவம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நெவியா இரும ஆரம்பித்தாள்.

"தலகாணிக்குள்ள இருமு கண்ணு. கீழ வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டுடப் போகுது."

அம்மா சொன்னபடியே செய்தாள் பிள்ளை. ஐந்தாம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"டாக்டரக் கூப்பிடுவோம்யா," என்றாள் எர்சீலியா.

"கூப்பிட்டா பின்னாடியே போலீசும் வரும். அஞ்சு வருசமும் மண்ணாப் போகும். இன்னும் ஏழே நாள். ஊருக்குப் போனதும் மொத வேல வைத்தியர்தான்."

"புள்ள தாங்குமா?"

"உன் புள்ளதான, தாங்கும்." துல்லியோ சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது இருமல் சத்தமே இல்லை. அப்பாடா, குறைந்துவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. கிட்டே போனால், நெவியாவின் உதடுகள் நீலம் பாரித்துக் கிடந்தன. அள்ளி எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கப் படியிறங்கி வீட்டுக்காரியின் கதவை உதைத்தாள். போலீசாவது, அனுமதியாவது! வீட்டுக்காரி பிராவ் லியூதி ஒரு கேள்வியும் கேட்காமல் டெலிபோனை எடுத்தாள்.

நெவியா மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் பிராவ் லியூதி வந்து எர்சீலியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒரு கொழந்த இருக்குன்னு வசந்தத்துலேர்ந்தே தெரியும்மா. மேல சின்னக் கால் நடக்கிறது கேக்குமே. யார்கிட்டயும் நான் மூச்சு விடல. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். அடுத்தவங்க வீட்டு விஷயத்தக் கேக்கறது எங்களுக்கு மரியாதை இல்ல பாரு."

எர்சீலியா அவள் பக்கம் திரும்பினாள்.

"அவ இருமினதும் கேட்டுச்சா?"

"இல்லையே! பத்து நாளா சத்தமே இல்ல. ஊருக்கு அனுப்பிட்டீங்கன்னுல்ல நெனச்சேன். கேட்டிருந்தா அன்னிக்கே டாக்டர வரச்சொல்லியிருப்பேனே."