பாசாரில் மாமாவுக்குப் போட்ட இலை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பேனாவைப் பிடித்தாலே எனக்குத் தூக்கம் வரும். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டதற்கு அதுதான் காரணம். ஆனால் போன ஞாயிறு ஜாசின் பாசாரில், மீனும் காய்கறியும் விற்கும் எங்கள் ஊர்ச் சந்தையில், பிக்குகள் பாத்திரம் ஏந்தி வரிசையாகப் போவதைப் பார்த்து என் நண்பன், "ஏன்டா, கை கால் நல்லாத்தானே இருக்கு, இவங்க ஏன்லா பிச்ச எடுக்குறாங்க?" என்று கேட்டான். எதற்கும் வாய் ஓயாத நான், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்காகத்தான் இது, நான் சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது.

என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். அவர் சிரித்தால் தோட்டத்து நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும். எனக்குக் காதை ஆட்டத் தெரியும். அவர் விழுந்து விழுந்து சிரிக்க அது ஒன்றே போதும். இராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்று, கூட வேலை செய்த சீன நண்பர் ஒருவரோடு புக்கிட் பெருவாங் பக்கத்தில் ஒரு பௌத்த விகாரைக்குத் தியானம் பழகப் போனார். முதலில் வாரக் கடைசியில் மட்டும் தங்கினார். பிறகு லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, தலையை மழித்து, காவி கட்டி, பிக்குவாகிவிட்டார்.

அம்மா முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. பத்துமலை முருகனுக்கு மொட்டை போடும் குடும்பம் எங்களுடையது. முடி வளர்ந்தால் ஆள் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். அங்கே வளர வளர மழித்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

பாசாரில் அம்மாவுக்கு ஆப்பக் கடை. வருகிற ஞாயிறு பிக்குகள் பாத்திரம் ஏந்தி இங்கேயும் வரப்போகிறார்கள், அதில் உன் தம்பியும் உண்டு என்று எதிர்க்கடைப் பழக்கார சீன அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது இடி விழுந்த மாதிரி இருந்தது.

"நான் ஆப்பம் சுடுற எடத்துலயே எந்தம்பி பிச்ச எடுக்குறதா? கூடப் பொறந்தவனுக்கு யாராச்சும் பிச்ச போடுவாங்களா?"

"அதுக்கு என்னா பண்ணச் சொல்ற?" என்றார் அப்பா.

"எல போடுறேன். உக்காந்து சாப்ட்டான்னா எந்தம்பி. தாண்டிப் போனான், அதோட எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "டேய், நீ காத ஆட்டு. ஒரு தடவ சிரிச்சிட்டான்னா போதும், இந்தச் சாமியார் வேஷமெல்லாம் கலஞ்சிரும்."

எனக்கு அவ்வளவு பெரிய வேலையை யாரும் அதுவரை கொடுத்ததில்லை.

ஞாயிறு காலையிலேயே கடை மேசையைக் கழுவி, நுனி இலை போட்டு, சோறும் நண்டுக் குழம்பும் பாயசமும் பரிமாறி வைத்தாள். எல்லாம் மாமாவுக்குப் பிடித்தவை. முன்னால் ஒரு கிழட்டுப் பிக்கு, பின்னால் மாமா என்று இரண்டு பேர் வந்தார்கள். நான் ஓடிப்போய் எதிரே நின்று காதை ஆட்டினேன். அவர் கண் தரையைவிட்டு எழவில்லை. நாக்கைத் துருத்தினேன். குரங்கு மாதிரி சொறிந்தேன். பக்கத்தில் மீன்காரர் சிரித்தார், மாமா சிரிக்கவில்லை.

சரியென்று பின்னால் போய், அவர் நடையையே நடித்துக் காட்டினேன். காலை மெதுவாகத் தூக்கி, மெதுவாக வைத்து, தலையைத் தொங்கப் போட்டு. கிண்டலுக்குத்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும், மீன் தண்ணீர் ஓடிய சிமெண்டுத் தரை என் உள்ளங்காலில் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று தெரிந்தது. தினமும் ஓடி விளையாடுகிற தரைதான். கத்தி வெட்டும் சத்தம், பேரம் பேசும் சத்தம் எல்லாம் இருந்தன, ஆனால் தள்ளி எங்கோ இருந்தன. எனக்குப் பயமாகப் போய்விட்டது. குதித்து வரிசையைவிட்டு வெளியே வந்து நின்றேன். கிண்டல் பண்ண வந்தவனுக்கு இப்படியெல்லாம் ஆகக் கூடாது.

அம்மாவின் கடைக்கு முன்னால் இருவரும் நின்றார்கள்.

"உக்காருடா," என்றாள் அம்மா. "ஒனக்குத்தான். சாப்புடு."

மாமா உட்காரவில்லை, நகரவும் இல்லை. இலையில் நண்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா கையால ஆக்குனது ஒனக்கு வேணாமா? அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா?" அம்மா அழுதுவிட்டாள். கிழட்டுப் பிக்கு, உலகத்தில் வேறு எங்கும் போக வேண்டியதில்லை என்பதுபோல் நின்றார். பிறகு மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தார். மாமாவும் காலைத் தூக்கினார்.

போச்சு, தாண்டப் போகிறார். வேறு ஒன்றும் தோன்றாமல், கடைசிக் கோமாளித்தனமாக, இலையை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, கோயில் பூசாரி தட்டை நீட்டுவதுபோல் அவர் முன்னால் நீட்டினேன். "இந்தாங்க சாமி, பிரசாதம்!"

மாமாவின் கால் நின்றது. பாத்திரத்தின் மூடி திறந்தது. அதை என் இலைக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தார். இலை சரிந்து சோறு, நண்டு, பாயசம் எல்லாம் ஒன்றாக உள்ளே விழுந்தன.

"ஐயோ, பாயசத்துல நண்டு!" என்று அலறினாள் அம்மா.

மாமா அதையும் தாழ்ந்த கண்ணோடு, தங்கம் விழுந்ததுபோல் வாங்கிக்கொண்டார்.

பழக்கார அக்கா அம்மாவின் காதோடு ஏதோ சொன்னாள். அவள் சொன்னது என்னவென்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கையில் எடுத்துக் கொடுக்காத எதையும் அவர்கள் தொடக் கூடாதாம். கொடு என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாதாம். கண்முன்னே இலை நிறையச் சாப்பாடு இருந்தும், அக்கா அழுதும், எடுக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல்தான் அவர் அப்படி நின்றிருக்கிறார்.

பழக்கார அக்கா சொன்னதைக் கேட்டதும் அம்மா அடுப்பிலிருந்து ஓர் ஆப்பத்தை எடுத்தாள். சிலிப்பரைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தரையில் இறங்கி வந்தாள். இரண்டு கையாலும் ஆப்பத்தை நெற்றி வரைக்கும் உயர்த்தி, பாத்திரத்தில் வைத்தாள். "வாங்கிக்கங்க சாமி," என்றாள். தூக்கி வளர்த்த தம்பியிடம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பிக்குகள் இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ ஓதினார்கள். அம்மா கைகூப்பி நின்றாள். அவர்கள் போனார்கள்.

என் கணக்கில் நான் ஜெயித்துவிட்டேன். தாண்டவில்லை, வாங்கிக்கொண்டார், அப்படியென்றால் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். ஓடிப்போய்க் கொட்டகையில் கிடந்த அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணாடியை என் சட்டையால் துடைத்தேன்.

"எதுக்குடா இந்தக் கூத்து?" என்று அப்பா வந்தார்.

"தொடைக்கட்டும், விடுங்க," என்றாள் அம்மா. வாசல் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருட்டும் வரைக்கும் மோட்டார் மேல் உட்கார்ந்திருந்தேன். நண்டும் சாப்பிட்டாகிவிட்டது, ஆப்பமும் கொடுத்தாகிவிட்டது, இன்னும் என்ன தாமதம் என்று எனக்குக் கோபம்.

இதையெல்லாம் நண்பனுக்கு வாட்சாப்பில் அனுப்பி, உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான் என்றேன். ஒரே வரி வந்தது.

"ஆப்பத்தையாடா குடுத்தாங்க? தம்பியையே குடுத்துட்டாங்கடா."