ராய்ஸ் மறந்த வரி

இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய டெஸ்மண்ட், பாடகன் ராய்ஸ் டிசம்பர்தோறும் சொந்த ஊரில் நடத்தும் கச்சேரி ஒன்றையும் விட்டதில்லை. ரசிக்க அல்ல, குறை கண்டுபிடிக்க. இளமையில் இருவரும் ஒரே குழுவில் பாடியவர்கள். முதல் ரெக்கார்டு வர ஒரு மாதம் இருக்கையில், டெஸ்மண்ட் நிரந்தர வேலை கிடைத்ததென்று விலகிவிட்டான். ராய்ஸ் ஓட்டை வேனில் ஊர் ஊராகச் சுற்றினான். இன்று அவனைப் பார்த்துத்தான் இளசுகள் கிடாரைத் தூக்குகிறார்கள். டெஸ்மண்ட் வெள்ளிக்கிழமைகளில் டிரைவர்கள் கிளப்பில் பாடுவான். பிங்கோ ஆட்டம் தொடங்கும்வரை கேட்பார்கள்.

இந்த வருஷமும் பின்வரிசையில் கைகட்டி நின்றான். "தொண்டை போயிடுச்சு பாரு," என்று மனைவி லொரெய்னிடம் முணுமுணுத்தான்.

யாரும் அதிகம் கேட்டிராத, குழு நாட்களின் பழைய பாட்டொன்றின் நடுவில் ராய்ஸுக்கு வரி மறந்துபோனது. சிரித்தபடி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். கூட்டத்துக்கும் தெரியவில்லை. கிளப்பில் வாராவாரம் அதைப் பாடும் டெஸ்மண்டுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டான். நிற்கட்டும், நன்றாக முழிக்கட்டும்!

பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது. லொரெய்ன் கண்ணை மூடியபடி மிச்சப் பாட்டு முழுவதையும் பாடி முடித்தாள். அரங்கமே ஆர்ப்பரித்தது.

"யாரும்மா அது? என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க!" என்று கத்தினான் ராய்ஸ்.

திரும்பும் பஸ்ஸில் டெஸ்மண்ட் பொருமினான். "இத்தனை வருஷமா கிளப்ல பாடுறேன். ஒருநாளாவது என்கூடப் பாடியிருக்கியா?"

"நீ எங்கே விட்டே?" என்றாள் லொரெய்ன். "ஒரு வரியாவது மறந்திருந்தா, நான் வாயைத் திறந்திருப்பேன்."