ஏற நடை, இறங்க வண்டி

எங்கள் வீட்டில் டிரைவர்கள் இரண்டு பேர். நான் ஜீப் ஓட்டுகிறேன், என் மனைவி பேட்டரி வண்டி ஓட்டுகிறாள். இரண்டு வண்டியும் போவது ஒரே அருவிக்கு. இதைக் கேட்டதும் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பரிதாபம் எனக்கு வேண்டாம். இது அவளுடைய கதை. நடுவில் நான் மூக்கை நுழைத்துக் கெடுத்த இடம் ஒன்று உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ரயில் நிலையம் ஒரு கொட்டகைதான். அங்கிருந்து அருவிக்கு மூன்றரை கிலோமீட்டர் ஏற்றம், ஒன்பது வளைவு. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மேலே கொண்டுபோய் விட இருபத்துமூன்று ஜீப்புகள் இருந்தன. இருபத்துமூன்றும் ஒரே நேரத்தில் கிளம்பினால் மரத்தில் இருக்கும் குரங்குகூட இருமும். என்னுடையது அதிலும் மோசம். அதனால்தான் ஸ்டாண்டில் என் பெயர் ‘டீசல்’.

அவள் அப்போது இங்கே இல்லை. நகரத்து ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஒன்பது வருடம். ஆறு நாள் அங்கே, ஒரு நாள் வீட்டில். எங்கள் மகளுக்குத் தினமும் காலையில் நான்தான் தலை பின்னிவிடுவேன். பின்னிய சடைகளில் ஒன்று வடக்கே பார்க்கும், மற்றது கிழக்கே பார்க்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் மகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு என் மனைவி போனில், முடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒரே ஒரு நல்லது நடந்தது. துணி கொண்டுபோகிற வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். சுற்றுலா அலுவலகம் அருவிப் பாதையில் புகையில்லாத வண்டி ஒன்றை ஆறு மாதம் விட்டுப் பார்க்கப் போகிறது, டிரைவர் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனுப் போட்டாள். வேலை கிடைத்ததும் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பிழைப்பில் கை வைக்க வந்திருக்கிறாள் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது.

வந்த வண்டி புதிதல்ல. ஏதோ பொருட்காட்சித் திடலில் ஓடி ஓய்ந்தது. பதினான்கு இருக்கை, பக்கவாட்டில் கதவு கிடையாது, பேட்டரிக்கு வயதாகிவிட்டது. முதல் நாள் பதினான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு நடை போனாள். மூன்றாவது நடையில் வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. நான்தான் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தேன். ஸ்டாண்டே கைதட்டியது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, சார்ஜ் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை சலவைக்கூடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். அங்கே மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே ஒரு கப்பி இருந்ததாம். ஈரத்துணி மூட்டை ஒரு பக்கம் கீழே இறங்கினால், மறுபக்கம் காலிக் கூடை தானாக மேலே ஏறும். மூட்டை எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாக ஏறும். இந்த வண்டியும் அப்படித்தான், இறக்கத்தில் வரும்போது சார்ஜ் திரும்ப ஏறுகிறது, கனம் இருந்தால் இன்னும் அதிகம் ஏறுகிறது என்றாள். நான் ‘ஆமாம் ஆமாம்’ என்றேன். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். மேலே போகும்போது முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் மட்டும் வண்டியில். அவர்களோடு எல்லாருடைய பைகளும். மற்றவர்கள் வெறுங்கையோடு நடக்க வேண்டியது. எந்த வளைவில் தண்ணீர் குடிக்கலாம், எங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவாள். அருவியில் குளித்துக் கால் ஓய்ந்து திரும்பும்போது வண்டி நிறைய அள்ளிக்கொண்டு இறங்குவாள். ‘ஏற நடை, இறங்க வண்டி’ என்று ஒரு பலகையும் எழுதி மாட்டினாள். எழுத்து கோணல்தான், ஆனால் வேலை செய்தது.

லேசாக ஏறினால் சார்ஜில் நூற்றுக்கு இருபத்துநான்கு போகும், நிறைந்து இறங்கினால் பத்து திரும்பும். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு ஆறு நடை ஓட்டினாள். பை சுமக்காமல் நிழலில் நடப்பது ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. எங்கள் ஜீப்புகளில் பாதி, மலைக்கு அந்தப் பக்கத்து விடுதிகளுக்குச் சவாரி தேடிப் போயின. எனக்குக் கடுப்புதான், மறைப்பானேன்? ஆனால் மகளின் முடி வளர்ந்து, இரண்டு சடையும் ஒரே உயரத்தில் தொங்க ஆரம்பித்திருந்தது. கடுப்பை விழுங்கிக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகப் போனதில் ஒரு ஓட்டை இருந்தது. வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ண அலுவலகம் ஒரு ஆளைப் போட்டிருந்தது. கையில் ஒரு கிளிக்கரோடு கீழே ரயிலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘கிளிக்’. நாங்கள் அவரை ‘கிளிக்’ என்றே கூப்பிடுவோம். மேலே எண்ண ஆள் கிடையாது. ஆகவே அவருடைய நோட்டில் ஒரு நடைக்கு மூன்று பேர், நான்கு பேர், சில நாள் இரண்டு பேர். இறங்குகிறவர்களையும் சேர்த்து எழுதுங்கள் என்று இவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். ஏறுகிறவர்களை எண்ணுவதுதான் எனக்கு இட்ட வேலை என்று அவர் முடித்துவிட்டார். அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள், பதில் இல்லை.

ஐந்தாவது மாத முடிவில் பதில் வந்தது. வண்டி காலியாக ஓடுகிறது, புதன்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், நிலைமை இதுதான் என்றால் வண்டி வேறு ஊருக்குப் போகும். வண்டி போனால் அவளுக்கு இங்கே வேலை இல்லை, திரும்பவும் சலவைக்கூடம். அந்தக் கடிதத்தை மகள்தான் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, என் கையில் அகப்படக்கூடாது என்று சீப்பை எடுத்துத் தன் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை என் மனைவி தன் திட்டத்தைச் சொன்னாள். அதிகாரியை லேசான வண்டியில் மேலே கூட்டிப்போய், நிறைந்த வண்டியில் கீழே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது என் மனதில் வேறு திட்டம் ஓடிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. காலி வண்டி என்றுதானே புகார், நிரப்பிக் காட்டிவிட்டால் போச்சு என்று நினைத்தேன். ஸ்டாண்டுக்குப் போய் ஆள் பிடித்தேன். எங்கள் சவாரியைப் பறித்தவளுக்கு நாங்கள் ஏன் வரவேண்டும் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அண்ணி திரும்பவும் நகரத்துக்குப் போகக்கூடாது என்று பதினொரு பேர் வந்தார்கள்.

காலை ஒன்பதுக்கு வர வேண்டிய அதிகாரி மதியம் மூன்றுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் ஐந்து நடை முடிந்து சார்ஜ் முப்பதில் நின்றது. லேசாக ஏறப் போதும். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்ததும் நான் கண் காட்டினேன். தோளில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா என்று சுற்றுலாப் பயணி வேஷத்தில் பதினொரு ஜீப் டிரைவர்கள் வந்து ஏறினார்கள். ஜீப் ஓட்டுகிறவன் நடக்கமாட்டான், நடக்காதவன் உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியாக நானும் ஏறிக்கொண்டேன், நான் மட்டுமே தொண்ணூற்று நான்கு கிலோ. கிளிக் ஆனந்தமாக அழுத்தித் தள்ளினார். உண்மையிலேயே வண்டிக்குக் காத்திருந்த ஒரு வயதான தம்பதி, கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றுவிட்டார்கள்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இறங்கச் சொல்லி உதட்டை அசைத்தாள். நான் பதிலுக்குக் கண்ணடித்தேன். அதிகாரி முன்னால் அவளால் வேறென்ன செய்ய முடியும்? வண்டியை எடுத்தாள்.

மூன்றாவது வளைவில் இருபது. ஐந்தாவதில் பன்னிரண்டு. பின்னால் ஒருவன் பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தான். ஆறாவது வளைவு தாண்டியதும் சார்ஜ் மூன்று என்று காட்டி, வண்டி நின்றுவிட்டது. பாட்டும் நின்றது. அவள் கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, என்னிடம் வந்தாள்.

“ஏங்க, நேத்து நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது உங்க காதுல விழுந்துச்சா?”

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த ஒன்பது வருடமும் திரும்பி வந்து என் முன்னால் நின்றது போல இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர்கள் பயணிகள் இல்லை சார், எல்லாரும் ஜீப் டிரைவர்கள், கூட்டி வந்தவன் நான், அவளுக்குத் தெரியாது என்றேன். பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆக நோட்டில் இருக்கும் மூன்று, நான்குதான் நிஜமா என்று அவளைக் கேட்டார்.

“நோட்டும் பொய் சொல்லல சார்,” என்றாள் அவள். “ஒரு இருபது நிமிஷம் நடப்பீங்களா? மேல வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க.”

நடந்தோம். இருபது வருடமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறேன், கால் வைத்து ஏறியது அன்றைக்குத்தான். அங்கே ஒரு சுனை இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருவராக உட்கார்ந்துகொண்டே வந்தார்கள். அதிகாரிக்கும் மூச்சு வாங்கியது, ஆனால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மேலே அவள் எழுதி மாட்டிய பலகைக்குக் கீழே வரிசை நின்றது. நானே எண்ணினேன், இருபத்தேழு பேர். தலை ஈரம் காயாமல், மதியம் வண்டியில் வந்த தங்கள் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் எப்படி மேலே வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். நடந்து என்றார்கள். அப்படியானால் வண்டி எதற்கு என்று கேட்டார். வரிசையில் முதலில் நின்ற அம்மாள், படிக்கத் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார்.

வண்டி வழியில் நிற்கிறது, அதுவரை மட்டும் நடக்க வேண்டும் என்று என் மனைவி கேட்டுக்கொண்டாள். முகம் சுளிக்காமல் எல்லாரும் இறங்கி வந்தார்கள். நாங்கள் வண்டியைத் தள்ளித் திருப்பினோம். முடியாதவர்களையும் குழந்தைக்காரர்களையும் முதலில் ஏற்றினாள். அதிகாரிக்குப் பழையபடி முன் இருக்கை. மிச்சம் நான்கு இடம் இருந்தது. அடுத்த நடைக்கு நிற்கிறோம் என்று வரிசையில் இருந்தவர்களே ஒதுங்கினார்கள். அவள் எங்கள் ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்து, எடை போட்டு, மூன்று பேரை விரல் நீட்டிக் கூப்பிட்டாள். நான்காவதாக என்னை.

கீழே வரும்வரை அதிகாரி பள்ளத்தாக்கைப் பார்க்கவே இல்லை. சார்ஜ் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று, நான்கு, ஐந்து. நான்காவது வளைவில் ஏழு ஆனபோது, சின்னப் பிள்ளை மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். ரயிலடியில் வண்டி நின்றபோது பதினொன்று. சாலையில் சக்கரத்தின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் வந்து சேர்ந்திருந்தோம்.

அவர் இறங்கி நேராக கிளிக்கிடம் போனார். நாளையிலிருந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டு மேலே போய் உட்காருங்கள், இறங்குகிறவர்களை எண்ணுங்கள் என்றார். கிளிக் திகைத்துப் போய், அவ்வளவு தூரம் நடந்தா போவது என்று கேட்டார்.

“நடந்துதான் போங்க,” என்றார் அதிகாரி. “எறங்கறதுக்கு வண்டி இருக்குல்ல.”

அங்கே ஒதுங்கி நின்ற வயதான தம்பதியை அன்று நான் என் ஜீப்பில் மேலே கொண்டுபோய், அவர்கள் அருவியைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து கூட்டி வந்தேன். மிச்சமிருந்தவர்களை எங்கள் ஆட்கள் இறக்கினார்கள். அடுத்த மாதம் கடிதம் வந்தது. வண்டி இங்கேயே இருக்கும், புது பேட்டரியும் வரும். புது பேட்டரி இன்னும் வந்தபாடில்லை, அது வேறு கதை. கடிதத்தை மகள்தான் படித்தாள். படித்து முடித்ததும் பையிலிருந்து சீப்பை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அவள் பின்னிக்கொண்டே அழுதாள். நானும்தான்.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஜீப்பை ஸ்டாண்டில் விட்டுவிட்டு மேலே நடக்கிறேன். கடைசி நடைக்கு அவளுக்கு என் கனம் வேண்டும். ஸ்டாண்டில் கிண்டல் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். முன் இருக்கை எனக்காகக் காலியாக இருக்கும். ஒன்பது வருடம் தனியாக வீடு திரும்பியவனுக்கு அந்த இருக்கையின் அருமை தெரியும்.

போன வாரம் ரயிலடி எடை மிஷினில் ஏறிப் பார்த்தேன். எண்பத்தெட்டு. தினமும் நடந்ததில் ஆறு கிலோ போயிருக்கிறது. பெருமையாக அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“இப்படிக் கொறைஞ்சுட்டே போனா என் சார்ஜுக்கு நான் எங்க போறது?” என்றாள். பின்னால் கையை நீட்டி, யாருடையதோ ஒரு பெரிய பையை எடுத்து என் மடியில் வைத்தாள். “இதப் பிடிங்க. வீட்டுக்குப் போலாம்.”