சங்கிலி கட்டாத வண்டியும் முதல் பனியும்

ஆக்லாந்தின் நியூ லின் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், இங்கே குளிர்காலமான ஜூலை என்றால் மழையும், குளியலறைச் சுவரில் பூக்கும் கருப்புப் பூஞ்சையும்தான். குளிர் உண்டு, பனி கிடையாது. எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதில்லை. என் கணவரின் அண்ணனுக்குத்தான் பட்டது. பணக்காரர்கள் வாழும் எப்சமில் வீடு வாங்கியதிலிருந்து அவருக்கு ஆக்லாந்தே போதவில்லை.

"நியூசிலாந்துல இருந்துக்கிட்டு ஸ்னோ பாக்கலன்னா ஊர்ல சிரிப்பாங்க" என்றார், எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே. ஊரில் யாரும் எங்களைப் பற்றி அவ்வளவு யோசிப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் கணவர் தலையாட்டிவிட்டார். அண்ணன் பேசும்போது அவர் தலை தானாகவே ஆடும்.

பள்ளி விடுமுறையில், தெற்கே எரிமலை அடிவாரத்தில் உள்ள சின்ன ஊர் ஒன்றில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்தார்கள். மூத்தாரும் அவர் மனைவியும், நாங்கள் இருவரும், எங்கள் மகளும். மூத்தார் வெஸ்ட்கேட் கடைவளாகத்துக்குப் போய் எல்லோருக்கும் ஒரே நீலத்தில் ஜாக்கெட் வாங்கி வந்தார். போட்டுக்கொண்டு வரிசையாக நின்றால் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவர்கள் மாதிரி இருந்தோம்.

என் ஓரகத்தி பல வருடங்களுக்கு முன் சுவிட்சர்லாந்து போய் வந்தவள். கார் ஆக்லாந்தைத் தாண்டுவதற்குள் எங்களுக்கு அது நினைவூட்டப்பட்டது. வழியில் பசு தெரிந்தால், "சுவிஸ்ல பசுவெல்லாம் இன்னும் சுத்தமா இருக்கும்." காபி குடித்தால், "சுவிஸ்ல காபியே வேற." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போய்ச் சேர்ந்த ஊரில் பனி இல்லை. மழை பெய்தது. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் இருந்தது. ஊர் எல்லையில் மாபெரும் கேரட் சிலை ஒன்று நின்றது. அந்தப் பக்கம் கேரட் விளைச்சல் அதிகமாம். மூத்தார் எங்களை அதன் கீழே நிற்கவைத்து விதவிதமாகப் படம் எடுத்தார். பனி பார்க்க வந்து கேரட்டோடு படம்!

மறுநாள் வானம் தெளிந்தது. மலைமேல் போகும் சாலையின் தொடக்கத்தில் சாலைப் பணியாளர் ஒருவர் காரை நிறுத்தி, பனியில் வழுக்காமல் இருக்க டயருக்குக் கட்டும் சங்கிலி இருக்கிறதா என்று கேட்டார். மூத்தார் சிரித்தார். "திஸ் இஸ் ஆல் வீல் டிரைவ்" என்றார். அந்தப் பணியாளரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போகும் வழியைக் காட்டினார்.

"வாடகைக்குக் கிடைக்குமே, மாமா" என்றேன்.

"நாலு சக்கரமும் இழுக்குற இந்த வண்டிக்குச் செயின் கட்டுறது அவமானம்மா. ஸ்னோ மேலதான் இருக்கணுமா என்ன? நான் காட்டுறேன்."

காட்டினார். மரங்கள் அடர்ந்த ஒரு பண்ணைச் சாலையில் நிழலோரமாக உறைந்து கிடந்த பனிக்கட்டியில் ஏறியதும், கார் ரொம்ப மரியாதையாக, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் வழுக்கிப் போய் ஓரத்துக் கால்வாயில் சாய்ந்து உட்கார்ந்தது. கத்துவதற்குக்கூட நேரம் இருந்தது. யாரும் கத்தவில்லை.

"பெரியப்பா, ஆர் வீ ஸ்டக்?" என்றாள் மகள்.

"இல்லம்மா, நிறுத்தியிருக்கேன்."

என் கணவர் இதற்கும் தலையாட்டினார்.

இழுவை வண்டிக்குப் போன் செய்தால், வர நேரமாகும் என்றார்கள். சாய்ந்த காருக்குள் சாய்ந்தபடியே புளிச்சாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்போது வானம் மங்கியது. கண்ணாடியில் ஏதோ சாம்பல்போல வந்து ஒட்டி, ஒட்டியதும் காணாமல் போனது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி. சத்தமே இல்லை. "இட்ஸ் ஸ்னோயிங்!" என்று மகள் குதித்ததில் கார் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

ஓரகத்தி பனி ஒட்டிய இடத்தில் உள்பக்கமாக விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு விட மனமில்லை.

"என்னக்கா, சுவிஸ் மாதிரி இருக்கா?"

அவள் கண்ணாடியையே பார்த்தாள். "தெரியலடி. அங்க நான் தொடவே இல்ல."

"என்னது?"

"போன மறுநாளே காய்ச்சல். ஹோட்டல்ல படுத்துக் கிடந்தேன். இவர் மட்டும் மேல போயிட்டு வந்து போட்டோ காட்டினார். அப்புறம் எல்லார்கிட்டயும் 'நாங்க பாத்தோம்'னு இவரே சொன்னார். நானும் அப்படியே சொல்லிக்கிட்டேன்."

முன்சீட்டில் மூத்தார் சட்டென்று போனில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். அவருடைய பின்னங்கழுத்தை நான் நன்றாகப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த மனைவியை விட்டுவிட்டு மலையேறிய கழுத்து.

ஓரகத்தி கதவைத் தள்ளித் திறந்து இறங்கினாள். முகத்தை மேலே தூக்கி நாக்கை நீட்டினாள். பிறகு சிரித்தாள். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். டிக்கியில் போர்வை வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை எடுத்தாள். வெள்ளையாகிக்கொண்டிருந்த மேட்டில் என் மகளை மடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து, "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே சறுக்கி வந்தாள். வேலிக்கு அப்பால் ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"ஏய், ஜாக்கெட் நனையுது!" என்றார் மூத்தார், இறங்காமலே.

"அதுக்குத்தானே வாங்குனீங்க?" என்றாள் அவள்.

அடுத்த முறை நானும் உட்கார்ந்தேன். பாதி வழியில் மூடி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கழுத்துக்குள் பனி போய் முதுகில் வழிந்தது. குளிரில் மூச்சு நின்று போனதுபோல் இருந்தது. இன்னொரு முறை போகலாம் என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இழுவை வண்டிக்காரர் வந்து காரைச் சுலபமாக மேலே இழுத்தார். மூத்தார் அவரிடம் சாலை சரியில்லை என்று விளக்கினார்.

மறுநாள் சங்கிலி வாடகைக்கு வந்தது. மலைக்குப் போனோம். வீடியோவில் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று சொல்லிச் சகோதரர்கள் பயிற்சி வகுப்புக்குப் போகாமல் நேரே பனிச்சறுக்குக்குப் போனார்கள். அண்ணன் இடப்பக்கம் விழுந்தார். தம்பியும் அதே பக்கம் விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, இடுப்பு மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

மீதி நாட்களை இருவரும் ஹீட்டர் முன்னால் வெந்நீர்ப் பையோடு கழித்தார்கள், இந்த வருடப் பனியின் தரம் சரியில்லை என்று பேசிக்கொண்டு. நாங்கள் மூவரும் காலையில் தோசை வார்த்து வைத்துவிட்டுக் கிளம்பினால், மாலையில் மூக்கு சிவந்து திரும்புவோம்.

ஒருநாள் நாங்கள் கதவைத் திறந்தபோது மூத்தார் படுத்தபடியே, "பாத்துப் போங்கம்மா, வழுக்கும்" என்றார்.

அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு அனுபவம் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.